சங்குக்குள் நின்ற வால்

வீட்டில் பிணம் நாறுகிறது என்று மகள் சொன்னாள். சங்கு வேலை நடக்கிற வீட்டில் பிணம் நாறாமல் மல்லிகையா மணக்கும் என்று அம்மா கேட்டாள்.

கேட்டதில் தப்பில்லை. வீட்டுக்குப் பின்னால் குழி இருந்தது. படகிலிருந்து இறங்கும் சங்குகள் உயிரோடுதான் வரும். ஈர மணலில் புதைத்து, மேலே சாக்கு விரித்து, தண்ணீர் தெளித்துவிட்டால் உள்ளே இருக்கிற பிராணி செத்து அழுகும். புழு பாதி தின்னும், எறும்பு பாதி தின்னும். வெந்நீரில் போட்டு அவித்தால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் சூட்டில் மேல்பூச்சு நூல் நூலாக வெடித்துவிடும். வெடித்த சங்கை எவனும் வாங்க மாட்டான். அதனால் குழிதான். குழியிலிருந்து தோண்டி, உலுக்கி, கழுவி, பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்து, ஆசிட்டில் ஒரு முக்கு முக்கி எடுப்பது வரை அவள் வேலை. அதற்குப் பிறகு மெருகுக்கல்லில் பிடித்துத் தேய்த்து, எண்ணெய் தடவித் துடைப்பது அவள் வீட்டுக்காரர் வேலை. பிறகு அது விளக்காகவும் கண்ணாடிச் சட்டமாகவும் வாசல் திரையாகவும் யார் யார் வீட்டுக்கோ போகும். கடல் இரைகிறதா என்று யாரோ அதைக் காதில் வைத்துக் கேட்பார்கள். அந்தத் தெருவில் யாரும் சங்கைக் காதில் வைத்ததில்லை. மூக்கில்தான் வைப்பார்கள்.

மகள் பிள்ளை பெற வந்திருந்தாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை. பிரசவத்துக்குள் கரைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டான். வந்த அன்றே சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள்.

"வயித்துல புள்ளை இருந்தா எல்லாம் நாறத்தான் செய்யும். உன்னைச் சுமந்தப்ப எனக்கு உங்கப்பாவே நாறினாரு."

"மசக்கை எல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சும்மா. இது வேற."

"என்ன வேற? இந்தக் குழிப் பக்கத்துலதான நீ தவழ்ந்த? கல்யாணம் ஆகிப் போனதும் மூக்கு பெரிய எடத்து மூக்கு ஆயிடுச்சோ?"

மெருகுக்கல் கொட்டகையிலிருந்து அவர் குரல் கொடுத்தார். "நான் நாறினேன்னு சொன்னதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மனைவிக்கே பின்னால்தான் தெரிந்தது. ஆனால் இதை மறைத்து வைத்துச் சொல்ல இது ஒன்றும் புதையல் இல்லை. புண்.

மெருகுக்கல் சுற்றும்போது தூசி பறக்கக் கூடாது என்று மேலே தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். கீழே தரையெல்லாம் வெள்ளைச் சேறு. அதனால் கல்லில் நிற்பவர்கள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடுவார்கள். மற்றவர்கள் வேலை முடிந்ததும் கழற்றி வைப்பார்கள். இவர் கடைக்கும் அதோடு போவார், டீ குடிக்கவும் அதோடு போவார். சளக் சளக் என்று நடப்பதால் தெருவில் வாத்து என்று பேர். கூப்பிட்டால் கோபப்பட மாட்டார். "முட்டை வேணுமா?" என்பார்.

அந்த பூட்ஸுக்குள் குதிரைமுள்ளியின் முள் ஒன்று விழுந்திருக்கிறது. உடம்பெல்லாம் முள்ளாக இருக்கிற சங்கு அது. கல்லில் பிடித்தால் நுனி தெறிக்கும். அவருக்குச் சர்க்கரை. பாதத்தில் எறும்பு கடித்தாலும் தெரியாது, கட்டெறும்பு கடித்தாலும் தெரியாது. முள்ளின் மேல் ஏறி நின்று வேலை பார்த்திருக்கிறார். காலுறை ஒட்டிக்கொண்டு வர மறுத்தபோதுதான் பார்த்திருக்கிறார். பார்த்தவர் வைத்தியரிடம் போகவில்லை. தரையில் காய்ந்து கிடந்த சங்குப் பொடியை அள்ளிப் புண்ணின் குழியில் அடைத்து, பாலிதீன் தாளைச் சுற்றி, பூட்ஸை மாட்டிக்கொண்டார். சங்கு என்றால் சுண்ணாம்புதானே, புண்ணைக் காயவைக்கும் என்று கணக்கு. அந்தத் தெருவில் விரலை அறுத்துக்கொண்டால் எல்லாரும் அதைத்தான் வைப்பார்கள். சின்ன வெட்டு ஆறியும் இருக்கிறது.

படுக்கும்போது காலுறை போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டாள்.

"குளிருது."

"சாமியார் மாதிரி சட்டை போடாம படுக்கற ஆளுக்குக் கால் மட்டும் குளிருதா?"

"வயசாகுதுல்ல. கீழேர்ந்துதான் ஆரம்பிக்கும்."

அவள் சிரித்தாள். அதை நினைத்துப் பின்னால் தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மகள் சொன்ன பிறகு அவளுக்கு வேறு ஒரு பயம் பிடித்தது. விளக்குக் கடைக்காரருக்கு அனுப்பிய சரக்கில் ஒரு மூட்டை திரும்பி வந்திருந்தது. வால் நிற்கிறது என்று புகார். சங்குக்குள் பிராணி கடைசிச் சுற்று வரை சுருண்டு போய் உட்கார்ந்திருக்கும். அழுகி வெளியே வரும்போது தலை வந்துவிடும், உடம்பு வந்துவிடும், நுனி மட்டும் அறுந்து உள்ளே தங்கிவிடும். அதற்கு வால் என்று பேர். வெளியே பார்த்தால் சங்கு பொம்மை மாதிரி இருக்கும். ஒரு மழை நாளில் கடையே நாறும்.

அவள் கை பட்ட சங்கில் ஈ உட்காராது என்று தெருவே சொல்லும். மூட்டையைத் திருப்பிக்கொண்டு வந்த டெம்போக்காரரிடம் அவள் சண்டை போட்டிருந்தாள்.

"எவ பண்ணின சரக்கையோ எங்கிட்ட கொண்டாந்து போடறீங்களா?"

"எனக்கென்னம்மா தெரியும்? ஏத்துன்னா ஏத்தறேன், இறக்குன்னா இறக்கறேன். ஆனா வண்டி நாறுது. அது மட்டும் தெரியுது."

"உங்க வண்டி என்னைக்கு மணந்துது?"

அப்போது சண்டையில் ஜெயித்தது அவள்தான். இப்போது மகளும் சொல்கிறாள். அப்படியென்றால் எங்கேயோ வால் நிற்கிறது. தேய்த்துத் துடைத்துக் கட்டிவைத்த மூட்டையிலோ, கட்டிலுக்கு அடியில் இருக்கிற பெட்டியிலோ ஒரு சங்கு உள்ளே அழுகிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்துத் தூக்கிப் போட்டுவிட்டால் மகள் சாப்பிடுவாள், இங்கேயே தங்குவாள், பேறு நல்லபடியாக முடியும். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் நாற்றத்துக்கு அந்த ஒரு காரணம்தான் உண்டு.

காலையில் எல்லா மூட்டையையும் முற்றத்தில் கொட்டினாள். ஐவிரல் சங்கு, புலிச்சோழி, குதிரைமுள்ளி எல்லாம் வெயிலில் மலை மாதிரி கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து உலுக்கினாள். குழாயை வாயில் செருகித் தண்ணீர் அடித்தாள். கொக்கிக் கம்பியை விட்டுக் கிண்டினாள். பிறகு மூக்கில் வைத்தாள். மகள் முக்காலியில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லு."

"சங்கு நாத்தம் எனக்குத் தெரியும். அது உப்பா இருக்கும். தொண்டையில உக்காரும். இது இனிப்பா இருக்கும்மா. அழுகின பழம் மாதிரி."

"நாத்தத்துல இனிப்பு உப்புன்னு ருசி பாக்கறியா? இந்தா, இதைப் பாரு."

மகள் அந்தச் சங்கை வாங்கி முகர்ந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இதுல வால் இருக்கு."

"எதுல?"

"இதுல. இப்பத்தான மோந்து பாத்து நல்லதுன்னு அந்தப் பக்கம் வெச்ச?"

அவள் வாங்கி மறுபடி மூக்கில் வைத்தாள். கம்பியை விட்டுச் சுற்றினாள். கறுப்பாக, ஈரமாக, விரல்நுனி அளவுக்கு ஒரு துண்டு வந்து விழுந்தது. ஈ வந்து உட்கார்ந்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகையில் கல் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கண்ணை மூடும்மா" என்றாள் மகள்.

"எதுக்கு?"

"மூடேன்."

மூடினாள். மகள் உள்ளே போய்விட்டு வந்தாள். மூக்குக்குக் கீழே எதையோ பிடித்தாள்.

"என்ன இது?"

"சோப்பு."

"நல்லா இழுத்துப் பாத்துச் சொல்லு."

"சோப்புதாண்டி. அந்தப் பச்சை சோப்பு. எனக்குத் தெரியாதா?"

கண்ணைத் திறந்தபோது மகள் கையில் நறுக்கிய வெங்காயம் இருந்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயத்தால்தான். கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, மூக்குக்குத் தெரியவில்லை. ஆசிட் புகை எப்போது அதைத் தின்று முடித்தது என்று அவளுக்கே தெரியாது. நாற்றம் பழகிவிட்டது என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தாள். பழகவில்லை. போய்விட்டது.

"போனா போகட்டும்" என்றாள் கடைசியில். "இந்தத் தெருவுல மூக்கு இருந்து என்ன பண்ண?"

மகள் முக்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வயிற்றைத் தாங்கியபடி அடுப்படிக்குப் போனாள், திரும்பினாள். அறைக்குள் போனாள், கட்டிலண்டை நின்றாள். வாசல் நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி இருக்கிறதே என்று அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மகள் கொட்டகைப் பக்கம் நடந்தாள். சிரிப்பு நின்றது.

"உள்ள வராத. தூசி. புள்ளைக்கு ஆகாது" என்று அவர் கல்லை நிறுத்தாமல் சொன்னார்.

"கல்லை நிறுத்துப்பா."

"இந்த ஒண்ணு முடிச்சுடறேன்."

மகளே போய் சுவிட்சை அணைத்தாள். கல் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

"பூட்ஸைக் கழட்டு."

"வாத்துக்குக் காலைக் கழட்டினா அது எப்படி நடக்கும்?"

"விளையாடாதப்பா. கழட்டு."

அவர் மகளைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் கொட்டகை வாசலில் கொக்கிக் கம்பியோடு நின்றுகொண்டிருந்தாள். கம்பியைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, அவர் காலை மடியில் வைத்து, பூட்ஸைப் பிடித்து இழுத்தாள். அது வழுக்கிக்கொண்டு வந்தது. மகள் வெளியே ஓடினாள்.

பாலிதீனுக்குள் பாதம் வெள்ளையாக, அழகாக இருந்தது. பொடி இறுகிச் சங்கு ஓடு மாதிரி ஆகியிருந்தது. அவள் குவளையில் தண்ணீர் எடுத்து, பழக்கம் போல, ஓரத்திலிருந்து மெல்ல நனைத்து நனைத்துப் பெயர்த்தாள். ஓடு துண்டு துண்டாக வந்தது. கூடவே மற்றதும் வந்தது. சதை எது, அழுகல் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவள் தொழில். யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. கணுக்கால் வரைக்கும் நல்ல சதை இல்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வெட்டுவாங்க. அண்ணனுக்கு அப்படித்தான. முதல்ல விரல்னாங்க, அப்புறம் பாதம்னாங்க, அப்புறம் முட்டின்னாங்க. கடைசியில பாதி ஆளைத்தான் தூக்கிட்டுப் போனோம்."

"அதுக்கு? எங்கிட்டயும் சொல்லக் கூடாதா?"



"பக்கத்துலதான படுத்திருந்த. உனக்குத் தெரியும்னு நினைச்சேன். தெரிஞ்சும், மனுஷன் நொந்துக்குவானேன்னு வாயை மூடிட்டு இருக்கன்னு நினைச்சேன்."

 தனக்கு மூக்கு இல்லை என்று கொஞ்சம் முன்னால்தான் தெரிந்தது என்று சொன்னாள். அதைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார். அந்த அழுகை காலுக்கா மூக்குக்கா என்று அவள் கேட்கவில்லை. துண்டைக் கிழித்துக் காலைச் சுற்றினாள். டெம்போக்காரரைக் கூப்பிட மகள் தெருவுக்குப் போயிருந்தாள். போன முறை வாங்கின பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாமல் அவர் உடனே வந்தார். ஆஸ்பத்திரி வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே ஓட்டினார்.

முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். அவர் அண்ணனைப் போல ஆகவில்லை, தப்பித்தார். வார்டில் கிடந்த நாளெல்லாம் அவர் நர்ஸிடம் இல்லாத காலைச் சொறிந்துவிடச் சொல்லிக் கேலி பேசினார். வீட்டுக்கு அனுப்புகிற அன்று அந்த நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"புண்ணுக்குப் போட்ட கட்டை நீங்களே மாத்தணும். ஈரம் படக் கூடாது. எல்லாத்தையும் விட முக்கியம், நாத்தம். லேசா நாத்தம் வந்தாலே காத்திருக்காதீங்க, அப்படியே தூக்கிட்டு வந்துடுங்க. இன்னொரு தடவை வெட்ட அவர் உடம்புல தெம்பு கிடையாது. சொல்றது புரியுதா?"

"புரியுது."

"வாசனையை வெச்சுத்தான் முதல்ல தெரியும். கண்ணுக்கு அப்புறம்தான் தெரியும்."

"சரிங்க."

எனக்கு மூக்கு இல்லை என்று அவள் சொல்லவில்லை. குருடி என்று சொல்லலாம், செவிடி என்று சொல்லலாம். இதை எப்படிச் சொல்வது? வெளியே வந்த பிறகு, சொல்லியிருந்தால் அங்கேயே வைத்துக்கொண்டிருப்பார்களோ என்று தோன்றியது. திரும்பிப் போகக் கால் வரவில்லை.

மகளுக்கு இதற்குள் வலி எடுத்து, குறை மாதத்தில் பெண் பிறந்திருந்தது. புண் இருக்கிற வீட்டுக்குப் பச்சைக் குழந்தையைக் கொண்டுபோகக் கூடாது என்று மாமியார் வந்து அழைத்துக்கொண்டு போனாள். அதிலும் தப்பில்லை. மகள் ஃபோனில் தினமும் கேட்டாள். "யாரையாவது மோந்து பாக்கச் சொல்றியாம்மா?"

தெருவில் எல்லாருமே சங்கு வேலைக்காரர்கள். யார் மூக்கை நம்புவது? யோசித்துக் காய்க்காரியைப் பிடித்தாள். அவள் வேறு தெரு, தினமும் கூடையோடு வருகிறவள், முகர்ந்தே கீரை நேற்றையதா இன்றையதா என்று சொல்கிறவள்.

"என்னக்கா இது, இதெல்லாம் ஒரு வேலையா?" என்று காய்க்காரி முதலில் கூச்சப்பட்டாள்.

"முலாம்பழம் பழுத்திருக்கான்னு பாக்கறல்ல? அப்படி நினைச்சுக்க."

"நான் முலாம்பழம்" என்று கட்டிலில் இருந்தபடி அவர் சொன்னார். "அமுக்கிப் பாக்காத, காசு கேப்பேன்."

குழியை மூடிவிட்டாள். துக்கத்தால் இல்லை. குழி நாறினால் காய்க்காரிக்குக் கட்டின் நாற்றம் தனியாகத் தெரியாது. கரையில் தானாக ஒதுங்குகிற, உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் கிளிஞ்சலை மட்டும் வாங்கித் துளை போட்டு, திரைக்குக் கோத்துக் கொடுத்தாள். அதில் அரை வயிறுதான் நிரம்பும். மெருகுக்கல்லின் மேல் சாக்குப் போட்டு மூடியிருந்தது.

காலையில் கட்டைப் பிரிப்பாள். காய்க்காரி குனிவாள், நிமிர்வாள். "மருந்து வாசனைதான்க்கா" என்பாள். அவள் மூச்சு விடுவாள். அன்றைக்கு ஒரு நாள் கிடைத்தது என்று அர்த்தம். பிறகு கத்தரிக்காய் விலையைப் பேசுவார்கள்.

"தினமும் ஒரு பொம்பளை வந்து என் காலை மோந்து பாத்துட்டுப் போறா" என்றார் அவர். "கல்யாணத்தப்பகூட எனக்கு இந்த மரியாதை கிடைச்சதில்ல."

அவருக்கு மூக்கு உண்டு. அவரையே கேட்டிருக்கலாம். ஆனால் அந்த வாயை நம்பி ஒரு தடவை ஏமாந்தாகிவிட்டது.

மழைக்காலம் வந்தது. கட்டுத் துணி காயவில்லை. அடுப்பு மேல் காட்டிக் காட்டி உலர்த்தினாள். சுவர் ஓதமாக இருந்தது, கட்டில் ஓதமாக இருந்தது. அவர் பேச்சு குறைந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டார்.

அன்று காய்க்காரி நனைந்துகொண்டே வந்தாள். கூடையை வாசலில் இறக்கிவிட்டுத் தலையைத் துடைத்தபடி உள்ளே வந்தாள். குனிந்தாள். வழக்கத்தைவிடச் சீக்கிரம் நிமிர்ந்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா."

"மருந்து வாசனையா?"

"ஆமா. நல்லாத்தான் இருக்கு."

சொல்லும்போது கட்டிலைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். கை மூக்குக்குப் பாதி வரை போய், காதோரம் முடியை ஒதுக்குவது போல் ஒதுங்கிக்கொண்டது. வெளியே போய்க் கூடையிலிருந்து கீரைக் கட்டை எடுத்துத் திண்ணையில் வைத்தாள். காசு நாளைக்கு வாங்கிக்கிறேன் என்றாள். காய்க்காரி ஒரு நாளும் கடன் கொடுத்ததில்லை. மழை விடுவதற்குள் போய்விட்டாள்.

மூக்கு போனவளுக்குக் கண் போகவில்லை. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டாள். கட்டின் மேல் முகத்தைப் புதைத்து, மூச்சை உள்ளே இழுத்தாள். இன்னும் இழுத்தாள். நெஞ்சு அடைக்கிற வரை இழுத்தாள். குளிர்ந்த காற்றுதான் வந்தது.

"விடு. அவதான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாளே" என்றார்.

"நீங்க சொல்லுங்க."

"நான் என்ன சொல்ல?"

"நாறுதா?"

மழை ஓட்டின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கூரையைப் பார்த்தபடி வெகுநேரம் படுத்திருந்தார். அவள் எழுந்திருக்கவில்லை. இந்த முறை அவரிடமிருந்து பதில் வாங்காமல் எழுந்திருப்பதில்லை என்று இருந்தாள்.

"நாறுது" என்றார். "முந்தாநாள்லேர்ந்தே."

"இனிப்பாவா?"

"ஆமா."

அவள் எழுந்து ஃபோனை எடுத்து டெம்போக்காரரைக் கூப்பிட்டாள். மழையில் வண்டி வர நேரமாகும் என்றார்; ஆனால் வருகிறேன் என்றார். கொடியிலிருந்து அவருடைய நல்ல சட்டையை எடுத்தாள். அது முழுக்கக் காய்ந்திருக்கவில்லை. நர்ஸ் சொன்னதை அவள் அவரிடமும் சொல்லியிருந்தாள்; இன்னொரு வெட்டை உடம்பு தாங்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் பையில் தட்டையும் டம்ளரையும் போட்டாள். எடுத்து வெளியே வைத்தாள். மறுபடி போட்டாள்.

"என்னத்தை மூட்டை கட்டற?" என்றார் அவர். "வண்டி வரட்டும். அதுவரைக்கும் இப்படிப் பக்கத்துல வந்து உக்காரு. உனக்குத்தான் நாத்தம் தெரியாதே."

அவள் போய் உட்கார்ந்தாள்.